உபதேசியார் வேலையை விட்டுவிட்டா படித்தார்?

கேள்வி: வணக்கம் டீச்சர். எனக்கு 44 வயது. பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 19 வருஷமாக வேலை, இப்போது கியூசி (தரக் கட்டுப்பாடு) பிரிவில். கணவர் லோரி ஓட்டுகிறார், மூத்தவளுக்கு இந்த வருஷம் எஸ்பிஎம் பரீட்சை. எங்கள் தமிழ்ச் சபையில் 14 வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறேன். மிஷன், ஊழியம் பற்றி முறையாகப் படிக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகச் சேர்ந்தால்தான் சரியாக வரும் என்று தோன்றுகிறது. பாஸ்டரிடம் சொன்னேன், "ஜெபம் பண்ணுங்க, பார்ப்போம்" என்றார். வீட்டில் "இந்த வயசுல படிச்சு என்ன, பாஸ்டர் ஆகப் போறியா?" என்கிறார்கள். என் ஆங்கிலமும் சுமார்தான். எனக்கு அழைப்பு இருக்கிறதா என்றே குழப்பமாக இருக்கிறது. வழி சொல்லுங்கள். (நேற்று இரவு ஷிப்ட். எங்கள் லைனில் இருக்கும் ஒரு நேபாளப் பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிப்போய்விட்டு வந்து தூக்கக் கலக்கத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.)
பினாங்கு வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பிழை ஒன்றும் இல்லை. ஆனால் கடிதத்திலேயே முக்கியமான செய்தியை அடைப்புக்குறிக்குள் போட்டு மூடிவிட்டீர்கள், அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன்: ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். எழுதி வைத்திருந்தால் கொடுக்காதீர்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாகச் சபை விசுவாசிகளுக்கு மாலை வகுப்பு எடுக்கிறேன். நானும் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்துக்கொண்டேதான் இறையியல் படித்தேன், 41 வயதில். என் வகுப்பில் இருந்த ஒருவர், நல்ல மனிதர், உங்களைப் போலவே "அரைகுறையாகச் செய்யக்கூடாது" என்று வேலையை விட்டார், காரை விற்றார், மூன்று வருஷம் விடுதியில் தங்கிப் படித்துவிட்டு வந்தார். அவர் திரும்பி வந்தபோது சபையில் அவருக்கென்று ஓர் இடம் இல்லை. யாரும் அவரை ஏமாற்றவில்லை, போவதற்கு முன் அவரும் கேட்கவில்லை, சபையும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இன்று கிராப் டாக்சி ஓட்டுகிறார். அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் அவர் மனைவி இன்றுவரை கோயிலுக்கு வந்தால் கடைசி வரிசையில் உட்கார்ந்து ஆசீர்வாதம் முடிந்த உடனே எழுந்து போய்விடுகிறார். உங்கள் மகள் எஸ்பிஎம் எழுதும் வருஷத்தில் இந்தக் கதை உங்கள் வீட்டுக்கு வேண்டாம். சேமநிதியிலும் கை வைக்காதீர்கள்.

சரி, முழுநேரமாகப் படித்தால்தான் அது முறையான படிப்பு என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? என் தாத்தா சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தார். போதகர் அங்கே மாதம் ஒருமுறை வந்தால் பெரிய விஷயம். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்தியது, பிள்ளைகளுக்குச் சுவிசேஷக் கதை சொன்னது, தோட்டத்து லயத்து வீடுகளில் யாராவது செத்தால் ராத்திரி முழுக்கக் கூட இருந்து பாட்டுப் பாடியது எல்லாம் உபதேசியார்தான். திங்கட்கிழமை காலையில் அதே மனிதர் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அ, ஆ எழுதிப் போட்டுக்கொண்டிருப்பார். குருப்பட்டம் பெறாத அந்த மாதிரி ஆட்கள் இல்லாவிட்டால் இந்த நாட்டில் பாதித் தமிழ்ச் சபைகள் இருந்திருக்காது என்பது என் எண்ணம். அவர் படிக்காதவர் என்று நினைத்துவிடாதீர்கள். போதகர் வரும்போதெல்லாம் உட்கார்த்தி வைத்துப் பாடம் எடுப்பார், அடுத்த முறை வரும்போது அதில் கேள்வி கேட்பார். படிப்பும் வேலையும் ஒரே ஊரில், ஒரே ஆளிடம், பக்கத்துப் பக்கத்தில் நடந்தன.

இன்னும் பின்னால் போனால் பாளையங்கோட்டை. 1778-இல் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையாரை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள், ஊரார் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்று சொல்லும் ஆலயத்தைக் கட்டியவர். 1780-இல் அந்தச் சபையின் பதிவேட்டில் 40 பேர்தான், முதல் பெயர் அவருடையது. திருநெல்வேலிச் சபையின் கதை அங்கேதான் தொடங்குகிறது, ஒரு விதவைப் பெண்ணிடமிருந்து. அவருக்கு எந்தப் பட்டமும் இல்லை. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைக்கார மிஷனரிகளின் கதையைச் சொல்லும் நாம் இந்த அம்மாவின் கதையை ஏன் சொல்வதில்லை என்று எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அது வேறு விஷயம்.

உங்கள் மாதிரி ஆட்களுக்கென்றே ஒரு படிப்பு முறை இருக்கிறது. டி.இ.இ. என்பார்கள், விரிவாக்க இறையியல் கல்வி. 1963-இல் குவாத்தமாலாவில் ஒரு பிரஸ்பிட்டேரியன் கல்லூரி இதைத் தொடங்கியது. அவர்களுக்கு வந்த சிக்கல் என்னவென்றால், கிராமத்துப் பையன்களைத் தலைநகருக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தால் பலர் திரும்பிப் போகவில்லை, அதே நேரத்தில் கிராமத்தில் சபையை உண்மையில் தாங்கிக்கொண்டிருந்தவர்களோ குடும்பமும் நிலமும் உள்ள நடுவயதுக்காரர்கள், அவர்களால் வரவே முடியவில்லை. அதனால் மாணவரைக் கல்லூரிக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டுக் கல்லூரியை மாணவரிடம் கொண்டுபோனார்கள். நான் வகுப்பில் இதை ரயில் தண்டவாளம் என்று சொல்லுவேன். ஒரு பக்கத் தண்டவாளம் நீங்கள் வீட்டில் தனியாக முடிக்கும் பாடப்புத்தகம், மறுபக்கம் நீங்கள் அந்த வாரம் செய்த ஊழியம், இரண்டையும் இணைக்கும் கட்டைகள்தான் வாரத்துக்கு ஒருமுறை ஆசிரியரோடும் மற்ற மாணவர்களோடும் உட்கார்ந்து பேசும் அந்த இரண்டு மணி நேரம். கட்டை இல்லாவிட்டால் தண்டவாளம் விலகிப்போகும். ஆன்லைனில் வீடியோ பார்த்து முடிக்கும் படிப்புகளை நான் அவ்வளவாகச் சிபாரிசு செய்யாததற்கு அதுதான் காரணம்.

எங்கே படிப்பது? சிரம்பானில் இருக்கும் செமினாரி தியோலோஜி மலேசியா, சுருக்கமாக எஸ்.டி.எம்., ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் சபைகள் சேர்ந்து 1979-இல் ஆரம்பித்தது. அங்கே டி.இ.இ. பிரிவு உண்டு. போன் போட்டு, இந்தத் தவணையில் பினாங்கு அல்லது பட்டர்வொர்த் பக்கம் என்ன பாடம், எந்த மொழியில் நடக்கிறது என்று கேளுங்கள். நீங்கள் வேலைக்குப் போகும் தீவிலேயே பத்து பெரிங்கியில் 1954 முதல் பாப்டிஸ்ட் செமினரி இருக்கிறது. பெத்தாலிங் ஜெயாவில் அசெம்பிளிஸ் ஆஃப் காட் நடத்தும் பைபிள் காலேஜ். தமிழிலேயே படிக்க வேண்டுமென்றால் பெங்களூரில் 1971 முதல் இயங்கும் டாஃப்டீ அமைப்பு டி.இ.இ. பாடங்களையே தொழிலாகச் செய்கிறது, மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. பினாங்கில் இருந்துகொண்டு செமினரி பற்றிப் பேசினால் தஞ்சோங் பூங்காவில் இருக்கும் கத்தோலிக்கரின் காலேஜ் ஜெனரலைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. 1665-இல் சயாமின் அயூத்தியாவில் ஆரம்பித்து 1808-இல் பினாங்குக்கு வந்த குருமடம் அது. குருவாவதற்குப் போகிறவர்களுக்கானது என்பதால் உங்களுக்கு நேரடிப் பயனில்லை, ஆனால் இந்தத் தீவுக்கு இறையியல் ஒன்றும் புதுச்சரக்கு இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

சேருமுன் மூன்று விஷயம் கேட்டு வாங்குங்கள். ஒரு பாடத்துக்கு எவ்வளவு வெள்ளி, புத்தகம் அதில் சேர்த்தியா? இந்தப் பாடம் பின்னால் சான்றிதழுக்கோ டிப்ளோமாவுக்கோ கணக்கில் சேருமா, அல்லது வெறும் வருகைச் சான்றா? அங்கீகாரம் யாருடையது? ஏ.டி.ஏ., ஏ.டி.இ.எஸ்.இ.ஏ. என்று சொன்னால் அவை ஆசிய அளவில் இறையியல் கல்லூரிகளைத் தரம் பார்க்கும் அமைப்புகள், நல்ல அடையாளம். ஆனால் அதைக் காட்டிக் கம்பெனியில் சம்பள உயர்வு கேட்க முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒரே வாரத்தில் "டாக்டர்" பட்டம் தருகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அங்கியோடு படமெல்லாம் போட்டு, அதைத் திறந்துகூடப் பார்க்காதீர்கள். நம் சமூகத்தில் இந்த வியாபாரம் ரொம்பத்தான் நடக்கிறது.

ஆங்கிலம் பற்றி. பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பொய்யும் சொல்ல மாட்டேன். தமிழில் இறையியல் புத்தகங்கள் குறைவு, ஆங்கிலத்தில் வாசிக்க வேண்டிய கட்டம் ஒருநாள் வரும். அதுவரைக்கும் உங்களுக்கு எந்த மொழியில் அழுகை வருமோ அந்த மொழியில் படியுங்கள். நீங்கள் பாடம் சொல்லிக்கொடுப்பதும் ஆஸ்பத்திரியில் போய் ஜெபிப்பதும் தமிழில்தானே. நான் ஆங்கிலத்தில் படித்துவிட்டு வந்து முதல் தடவை "கிருபை" என்ற சொல்லை ஒரு தமிழ்க் கூட்டத்துக்கு விளக்க முயன்றபோது வாய் உளறியது. பாடம் தெரியும், சொல்லத்தான் தெரியவில்லை.

முதல் வருஷத்தில் என்னென்ன? மிஷன் என்று பெயர் போட்ட பாடத்தை உடனே எடுக்காதீர்கள். தெரியும், அதற்குத்தானே ஆசைப்படுகிறீர்கள். இருந்தாலும் முதலில் பழைய ஏற்பாட்டு அறிமுகம், அடுத்தது வேதத்தை வாசிக்கும் முறை பற்றிய பாடம். ஒரு வசனத்தை அதற்கு முன்னும் பின்னும் உள்ளதோடு சேர்த்து, யார் யாருக்கு எப்போது எழுதினார்கள் என்று பார்த்து வாசிக்கப் பழகிவிட்டால் மற்றதெல்லாம் அதன் மேல் ஏறி உட்காரும். சபை வரலாறு பிறகு. ஆற்றுப்படுத்தும் ஊழியம், கவுன்சலிங் என்பது, கட்டாயம். அப்புறம் மிஷன். அதில் நீங்கள் சந்திக்கும் முதல் பெரிய எண்ணம், மிஷன் என்பது சபையின் திட்டமோ மிஷனரியின் சாதனையோ இல்லை, கடவுள் உலகத்தில் ஏற்கனவே செய்துகொண்டிருக்கும் வேலை, நாம் அதில் போய்ச் சேர்ந்துகொள்கிறோம் என்பது. 1952-இல் ஜெர்மனியில் வில்லிங்கன் என்ற ஊரில் கூடிய ஒரு மிஷனரி மாநாட்டுக்குப் பிறகு இது பரவலானது. சீனாவிலிருந்து மிஷனரிகள் வெளியேற்றப்பட்டிருந்த காலம் அது. "நாங்கள் போய்விட்டால் மிஷன் முடிந்துவிட்டதா?" என்ற கேள்வி அவர்களைக் குடைந்திருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நான் போகாத இடத்திலும் அவர் இருக்கிறார் என்றால், நான் அங்கே போனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்? பேசுவதா, பார்ப்பதா?

இதையெல்லாம் படிக்கும்போது ஒரு ஆபத்து உண்டு. என் கதையையே சொல்கிறேன். படிக்கத் தொடங்கி எட்டு மாதம் இருக்கும், எங்கள் வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒரு பாட்டி வழக்கம்போலச் சாட்சி சொன்னார். தோட்டத்திலிருந்து வந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, கேட்டுக் கேட்டே வசனம் மனப்பாடம். எரேமியாவிலிருந்து ஒரு வசனத்தைத் தன் பேரனுக்கு வேலை கிடைத்ததோடு சேர்த்துச் சொன்னார். நான் சும்மா இருந்திருக்கலாம். "பாட்டி, அது பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குச் சொன்னது, தனி ஆளுக்கு இல்லை" என்று எல்லார் முன்னாலும் விளக்கினேன். சரியாகத்தான் சொன்னேன். பாட்டி "அப்படியாம்மா, எனக்குத் தெரியாது" என்று சிரித்தார். அதற்குப் பிறகு அந்தக் கூட்டத்தில் அவர் வாய் திறக்கவே இல்லை. வருவார், கைகட்டி உட்காருவார், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவார். நான் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டும் "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார், ஆனால் பேசவில்லை. அடுத்த வருஷம் இறந்துபோனார். அந்தக் கூட்டத்தில் என்னைவிட அதிகம் துன்பப்பட்டு ஜெபித்தவரை நான் படித்த ஒரே பாடத்தால் ஊமையாக்கிவிட்டேன். ஆகவே முதல் வருஷம் யாரையும் திருத்தாதீர்கள், உங்கள் பாஸ்டரின் பிரசங்கத்தையும் சேர்த்துத்தான். நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வகுப்பில் கேளுங்கள். இரண்டு வருஷம் கழித்து அந்த நோட்டைப் பார்த்தால் பாதியை நீங்களே அடித்துவிடுவீர்கள்.

பாஸ்டரின் "பார்ப்போம்" பற்றி ஒன்று. அதை மறுப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு விசுவாசி வந்து "மிஷன் படிக்க வேண்டும்" என்றால் பல போதகர்களுக்கு உள்ளே ஒரு சின்னக் கலக்கம் வரும். இவர் படித்துவிட்டு வந்து தனிக் கூட்டம் போட்டுப் பத்துக் குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போனால்? நடந்திருக்கிறது, நம் சபைகளில் நிறையவே. அதனால் திறந்த கேள்வியோடு போகாமல் குறிப்பான ஒரு கோரிக்கையோடு போங்கள்: "பாஸ்டர், வேலையை விடப் போவதில்லை. ஒரே ஒரு பாடம் எடுக்கப் போகிறேன். மாதம் ஒருமுறை அரை மணி நேரம், நான் படித்ததை உங்களிடம் வந்து சொல்கிறேன், நீங்கள் கேள்வி கேளுங்கள். பரிந்துரைக் கடிதம் ஒன்று வேண்டும்." உங்கள் சபைப்பிரிவில் பிரசங்கம் செய்ய அனுமதி பெற்ற விசுவாசிகளுக்கென்று ஏதாவது பொறுப்பு உண்டா, அதற்கு இந்தப் படிப்பு கணக்காகுமா என்றும் அப்போதே கேட்டுவிடுங்கள். கிராப் ஓட்டும் அண்ணன் கேட்காமல் விட்டது இதைத்தான்.

அழைப்பு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். 14 வருஷம் ஞாயிற்றுக்கிழமை காலையில், இரவு ஷிப்ட் முடிந்த வாரம் உட்பட, மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கிறீர்கள். இதற்குப் பிறகும் வானத்திலிருந்து குரல் வர வேண்டும் என்று காத்திருந்தால் நான் என்ன சொல்வது. குருத்துவத்துக்கு அழைப்பு என்பது வேறு, அதைச் சபைதான் சோதித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ இல்லை. படிப்பதற்குத் தனி அழைப்பு தேவையில்லை. ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் தைக்கிறவர்கள், நன்றாகப் பேசத் தெரிந்த அப்பொல்லோவை வீட்டுக்குக் கூட்டிப்போய் அவனுக்கு விடுபட்டிருந்ததைச் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்கள் தையல் வேலையை விட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் எங்கும் இல்லை.

இப்போது அந்த அடைப்புக்குறி.

இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு, மொழி தெரியாத ஒரு பிள்ளையைக் கிளினிக்குக் கூட்டிப்போய், டாக்டரிடம் அவளுக்குப் பதில் நீங்கள் பேசி, மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். 1972-இல் பாயான் லெப்பாஸில் தடையற்ற வர்த்தக வட்டாரம் திறந்ததிலிருந்து எத்தனை ஊர்ப் பிள்ளைகள் அந்த லைன்களில் நின்றிருக்கிறார்கள். முன்பு கம்பத்திலிருந்தும் தோட்டத்திலிருந்தும் நம் அக்காமார் போனார்கள், இப்போது நேபாளத்திலிருந்தும் மியன்மாரிலிருந்தும் வருகிறார்கள். மிஷன் படிக்க நீங்கள் விட்டுவிட்டு வர நினைக்கும் இடம் அதுதான் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் கோபமும் வருகிறது.

ஆனால் அங்கே படிப்பு தேவைப்படுகிறது, அதையும் சொல்ல வேண்டும். அடுத்த முறை அவளைக் கூட்டிப்போகும்போது பையில் ஒரு நற்செய்திக் கைப்பிரதி வைத்துக்கொள்ளலாமா என்று உங்களுக்குத் தோன்றும், அல்லது சபையில் யாராவது சொல்வார்கள். வேண்டாம். காய்ச்சலில் இருக்கும் ஒருத்தி, உங்கள் உதவி இல்லாமல் கிளினிக்குக்கே போக முடியாத ஒருத்தி, உங்களிடம் "வேண்டாம்" என்று எப்படிச் சொல்லுவாள்? சொல்ல முடியாத நிலையில் இருப்பவரிடம் கேட்பது நற்செய்தி ஆகாது. அவளாகக் கேட்டால் சொல்லுங்கள், மறைக்க வேண்டியதில்லை. திருநெல்வேலியின் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1903-இல் இந்திய மிஷனரி சங்கத்தை ஆரம்பித்தபோது குருவானவர் இல்லை, ஒய்.எம்.சி.ஏ. செயலாளர், 1909-இல்தான் குருப்பட்டம். மறுவருஷம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனரிகள் நிறைந்த சபையில் எழுந்து, எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அந்தப் பேச்சு அன்றைக்குப் பலருக்குப் பிடிக்கவில்லை. நம் லைனில் நிற்கும் நேபாளப் பிள்ளையின் பக்கத்திலிருந்து அதை வாசித்துப் பார்த்தால், இந்தத் தடவை மேல்நாட்டு மிஷனரியின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது நாம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள், பயப்படுவதற்காக இல்லை, புரிந்து நடப்பதற்காக. நம் அரசியலமைப்பின் 11-ஆம் பிரிவு மதச் சுதந்திரம் தருகிறது, அதன் 4-ஆம் உட்பிரிவு முஸ்லிம்களிடையே மற்ற மதங்களைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்கிறது. உங்கள் லைனில் எல்லா மதத்தவரும் இருப்பார்கள். ஒரு நல்ல கல்லூரி இதை முதல் தவணையிலேயே பேசும், பேசாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வீட்டுக்காரர்கள் "பாஸ்டர் ஆகப் போறியா" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லிவிடுங்கள், உண்மையும் அதுதான். கணவருக்கு எந்த நாளில் லோரி ஓட்டம் இல்லை என்று பார்த்து அந்த நாளில் வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் போதும்: இரண்டு வகுப்பு, மூன்று வீட்டில். மகளும் எஸ்பிஎம்முக்குப் படிக்கிறாள் அல்லவா, அதே மேஜையில் எதிரே உட்காருங்கள். கம்பெனி பஸ்ஸில் பாலம் கடக்கும் நேரத்தில் அந்த வாரத்து வேதப் பகுதியைப் போனில் போட்டுக் கேட்கலாம், முதல் பாடத்தை நானே பாதி அப்படித்தான் முடித்தேன், ஆனால் அப்போது கேசட். இரவு ஷிப்ட் வாரங்களில் புத்தகத்தைத் திறக்காதீர்கள். தூங்குங்கள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.